தற்கொலைத் தடுப்புல ‘சேஃப்டி பிளான்’: ஒரு பக்கத் தாள் எப்படி வேலை செய்யுது, எங்கெல்லாம் மாத்தி எழுதணும்

தற்கொலைக்கு முயற்சி பண்ணி ஆஸ்பத்திரியில சேர்ந்து பிழைச்சு வீட்டுக்கு கிளம்புறவங்க கையில, இப்ப சில இடங்கள்ல டிஸ்சார்ஜ் சீட்டோட இன்னொரு தாளும் குடுத்து அனுப்புறாங்க. ஆறு தலைப்பு இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் கீழ ரெண்டு மூணு வரி, அதுவும் பேஷண்டோட சொந்த வார்த்தையில. அதைப் பார்க்குற வீட்டுக்காரங்களுக்கு வர்ற முதல் கேள்வி, இவ்வளவு பெரிய விஷயத்துக்கு ஒரு பேப்பர் என்ன பண்ணிடும்ங்கறதுதான். நியாயமான கேள்வி. அந்தத் தாளுக்கு பேரு சேஃப்டி பிளான், தமிழ்ல பாதுகாப்புத் திட்டம். இது எங்க இருந்து வந்துச்சு, எதனால வேலை செய்யுதுன்னு சொல்றாங்க, அமெரிக்காவுல செஞ்ச ஒரு படிவம் ஒரு அகதி முகாமுக்கோ ஒரு விவசாயி வீட்டுக்கோ வரும்போது எது எது மாறணும்னு அடியில இருந்து பார்க்கலாம்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு. இதைப் படிக்கிற உங்களுக்கே இப்ப அப்படி ஒரு எண்ணம் ஓடிட்டு இருந்தா படிக்கிறதை இங்கயே நிறுத்திட்டு 14416க்கு (டெலி மானஸ்னு சொல்ற அரசாங்க மனநல ஹெல்ப்லைன்) போன் பண்ணுங்க, இந்தியா முழுக்க 24 மணி நேரமும் எடுப்பாங்க, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். மத்த நாட்டு நம்பர் கடைசியில இருக்கு.

இது என்ன, எது இல்ல

சேஃப்டி பிளானை இன்னைக்கு இருக்குற வடிவத்துல உருவாக்கினவங்க ரெண்டு பேரு, கொலம்பியா பல்கலைக்கழகத்துல இருந்த பார்பரா ஸ்டான்லி, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்து கிரெகரி பிரவுன். ரெண்டு பேரும் உளவியலாளர்கள். முதல்ல அமெரிக்காவோட முன்னாள் ராணுவத்தினர் ஆஸ்பத்திரிகளுக்காக 2008ல ஒரு கையேடா போட்டாங்க, அப்புறம் 2012ல ஆய்வுக் கட்டுரையா வெளியிட்டாங்க. ஒரு டாக்டரோ கவுன்சிலரோ நர்ஸோ பேஷண்ட் பக்கத்துல உட்கார்ந்து, இருபதுல இருந்து நாப்பத்தஞ்சு நிமிஷம் பேசி, அந்த ஆள் வாயால சொல்றதையே எழுதி முடிக்கிற வேலை இது.

இதை ரெண்டு விஷயத்தோட குழப்பிக்கிறாங்க.

1. இது சத்தியம் வாங்குறது இல்ல. "இனிமே இப்படி பண்ண மாட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போடு"ன்னு வாங்குற பழக்கம் 1970கள்ல இருந்து மனநல மருத்துவத்துலயே இருந்துச்சு, நம்ம வீடுகள்ல தலையில அடிச்சு சத்தியம் வாங்குறதும் அதே மாதிரிதான். அது தற்கொலையைக் குறைக்குதுன்னு உருப்படியான ஆதாரம் எதுவும் கிடைக்கல. சொல்லப்போனா அதுல ஒரு ஆபத்தும் இருக்கு, சத்தியம் பண்ணிட்டோமேன்னு அடுத்த தடவை எண்ணம் வரும்போது யாருகிட்டயும் சொல்லாம மறைச்சிடுவாங்க. சத்தியம் "பண்ணாத"ன்னு மட்டும் சொல்லும், பதிலுக்கு என்ன பண்ணணும்னு அதுல இருக்காது.

2. இது மனச்சோர்வுக்கான வைத்தியமும் இல்ல. மாத்திரை, தெரபி, கடன் தீர்க்குறது, அடிக்கிற புருஷன்கிட்ட இருந்து வெளிய வர்றது இதெல்லாம் தனி வேலை, மாசக்கணக்குல ஆகும். அந்த மாசங்கள்ல ஆள் உயிரோட இருக்கணும்ல, அதுக்குத்தான் இந்தத் தாள்.

எதனால வேலை செய்யும்னு நினைக்கிறாங்க

தற்கொலை எண்ணம் வருஷக்கணக்குல இருக்கலாம், ஆனா "இப்பவே"ங்கற அந்த உச்சம் அப்படியே நிக்கிறது இல்ல, ஏறும் அப்புறம் இறங்கும். அமெரிக்காவுல ஹூஸ்டன் நகரத்துல, சாவுக்கு மிக அருகில போய்ப் பிழைச்ச 13ல இருந்து 34 வயசு வரைக்கும் உள்ளவங்ககிட்ட, முடிவெடுத்ததுக்கும் முயற்சி பண்ணதுக்கும் நடுவுல எவ்வளவு நேரம் இருந்துச்சுன்னு கேட்டாங்க. 2001ல வெளியான அந்த ஆய்வுல 24 சதவீதம் பேர் சொன்னது அஞ்சு நிமிஷத்துக்கும் குறைவுன்னு. எல்லாரும் அப்படி இல்ல, ரொம்ப நாளா யோசிச்சு வச்சிருந்தவங்களும் இருக்காங்க, ஆனா நாலுல ஒருத்தருக்கு அஞ்சே நிமிஷம்னா அந்த நேரத்தைத் தள்ளிப் போடுற எதுவா இருந்தாலும் அதுக்கு மதிப்பு இருக்கு. இன்னொரு கணக்கும் இதோட சேர்த்துப் பார்க்கணும். முயற்சி பண்ணிப் பிழைச்சவங்களை வருஷக்கணக்குல தொடர்ந்து பார்த்த ஆய்வுகள்ல, பத்துல ஒன்பது பேரு பின்னாடி தற்கொலையால சாகல. அந்த ஒரு ராத்திரியைத் தாண்டினா மறுபடியும் அதே இடத்துக்குத்தான் போவாங்கன்னு நாம நினைக்கிறது தப்பு.

உச்சத்துல இருக்கும்போது யோசனை சுருங்கிடுது, வேற வழி எதுவும் கண்ணுல படாது, யாருக்கு போன் பண்றதுன்னு கூட தோணாது, போன்ல முன்னூறு நம்பர் இருந்தாலும். அதனாலதான் தெளிவா இருக்குற நேரத்துலயே உட்கார்ந்து, வரிசையா, படிச்சாலே செய்ய முடியுற மாதிரி எழுதி வைக்கிறாங்க. அந்த நேரத்துல யோசிக்க வேண்டியதே இருக்கக்கூடாது.

ஆறு படிகள்

வரிசை முக்கியம். தனியாவே செய்யக்கூடியதுல ஆரம்பிச்சு, அடுத்தவங்க உதவிக்குப் போற மாதிரி அடுக்கியிருக்காங்க. முதல் படியில சரியாகலன்னா அடுத்தது. ஆனா நிலைமை கைமீறிப் போகுதுன்னு தெரிஞ்சா நேரா அஞ்சாவதுக்குப் போயிடலாம், ஒண்ணு விடாம ஏறணும்னு கட்டாயம் இல்ல.

1. எச்சரிக்கை அறிகுறி. எனக்கு ஆரம்பிக்குதுன்னு எதை வச்சு எனக்கே தெரியும்? "மனசு சரியில்லாதப்ப"ன்னு எழுதினா உபயோகமில்ல, அது தினமும்தான் இருக்கும். "ராத்திரி ரெண்டு மணிக்கு மேல முழிச்சுட்டு பழைய மெசேஜ் எல்லாத்தையும் திரும்பத் திரும்பப் பார்க்குறது", "லோன்காரங்க போன் வந்தப்புறம் சாப்பாடு இறங்காம போறது", "நான் இல்லன்னா இவங்க நிம்மதியா இருப்பாங்கன்னு தோணுறது", இப்படி அந்த ஆளுக்கு மட்டுமே பொருந்துற மாதிரி இருக்கணும்.

2. யாரையும் கூப்பிடாம நானே செய்யக்கூடியது. தலைக்குத் தண்ணி ஊத்திக்கிறது, மாட்டுக்குத் தீனி வைக்கப் போறது, குறிப்பிட்ட நாலு பாட்டு, ஜெபம், பாத்திரம் விளக்குறது, எதுவா இருந்தாலும் அந்த ஆளுக்கு முன்னாடி ஒரு தடவையாவது உதவியிருக்கணும். தனியா உட்கார்ந்து குடிக்கிறதை ஆம்பளைங்க நிறைய பேரு இங்க சொல்லுவாங்க, அதை எழுதவே கூடாது, குடி அந்த நேரத்துல தயக்கத்தைக் குறைச்சு ஆபத்தைக் கூட்டும்.

3. மனசைத் திருப்புற ஆளுங்களும் இடங்களும். இங்க விஷயத்தை யாருகிட்டயும் சொல்ல வேண்டியதில்ல. டீக்கடை, லைப்ரரி, கோயில், பள்ளிவாசல், சர்ச், பக்கத்து வீட்டுக் குழந்தை, கிரவுண்டுல ஆடுற பசங்க. நாலு பேரு நடுவுல இருந்தா போதும்.

4. விஷயத்தைச் சொல்லி உதவி கேட்கக்கூடியவங்க. மூணாவதுல இருந்த ஆள் இங்க வரணும்னு இல்ல. சிரிக்க வைக்கிற ஃபிரண்டு வேற, "எனக்கு சாகணும் போல இருக்கு"ன்னு சொன்னா பதறாம கூட உட்காருற ஃபிரண்டு வேற. பேரும் நம்பரும் எழுதணும். முடிஞ்சா அந்த ஆள்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லி வைக்கணும்.

5. தொழில்முறை உதவி. டாக்டர், கவுன்சிலர், ஹெல்ப்லைன், ராத்திரியும் திறந்திருக்குற பக்கத்து ஆஸ்பத்திரி காஷுவாலிட்டி.

6. சுத்துப்புறத்தைப் பாதுகாப்பா ஆக்குறது. அந்த ஆள் எதை மனசுல வச்சிருக்காரோ அது கைக்கெட்டாம பண்றது. யாரு எடுத்து வைப்பாங்க, எங்க வைப்பாங்க, எப்பன்னு இன்னைக்கே முடிவாகணும். மாத்திரைன்னா ஒரு வாரத்துக்கு மட்டும் வாங்கி அக்காகிட்டயோ அம்மாகிட்டயோ குடுத்து வைக்கிறது மாதிரி.

ஒவ்வொரு படி எழுதினதும் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கு, அவசரத்துல நிறைய இடத்துல இதைத்தான் விட்டுடறாங்க: "நிஜமா அந்த நேரத்துல இதைச் செய்வீங்களா? எது தடுக்கும்?" அண்ணனுக்கு போன் பண்ணுவேன்னு எழுதியிருப்பாரு, கேட்டா "அண்ணன் நைட் ஷிஃப்ட், போன் உள்ள விட மாட்டாங்க"ம்பாரு. அப்ப அந்த வரியை அடிச்சிட்டு வேற ஆள் எழுதணும். இந்தக் கேள்வி கேட்காம நிரப்பின தாளுக்கும் வெறும் படிவத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லன்னுதான் சொல்லுவேன்.

ஆதாரம் எவ்வளவு தூரம் இருக்கு

பெருசா பேசப்படுறது 2018ல ஜாமா சைக்கியாட்ரி இதழ்ல வந்த ஆய்வு. அமெரிக்க முன்னாள் ராணுவத்தினருக்கான 9 ஆஸ்பத்திரி எமர்ஜென்சி வார்டு, 1,640 பேஷண்ட். அஞ்சு இடத்துல சேஃப்டி பிளான் போட்டு, வீட்டுக்குப் போன 72 மணி நேரத்துக்குள்ள போன் பண்ணிப் பேசி, தொடர்ந்து விசாரிச்சாங்க, நாலு இடத்துல வழக்கமான கவனிப்பு மட்டும். ஆறு மாசத்துல தற்கொலை சம்பந்தமான நடத்தை (முயற்சி, அதுக்கான தயாரிப்பு மாதிரி) வழக்கமான கவனிப்புல 5.29 சதவீதம், பிளானும் போனும் கிடைச்ச பக்கம் 3.03 சதவீதம். கிட்டத்தட்ட பாதியளவுக்குக் குறைஞ்சிருக்கு, மேல்சிகிச்சைக்குப் போனவங்களும் அந்தப் பக்கம்தான் அதிகம். சீட்டுப் போட்டுக் குலுக்கி யாருக்கு எதுன்னு பிரிச்ச ஆய்வு இல்ல இது, ஆஸ்பத்திரி வாரியா பிரிச்சது, அதனால முழு உறுதின்னு சொல்ல முடியாது.

அதுக்கு முந்தின வருஷம் அமெரிக்க ராணுவ வீரர்கள் 97 பேர்கிட்ட இதே மாதிரியான ஒரு சின்னத் திட்டத்தை, நான் மேல சொன்ன சத்தியம் வாங்குற முறையோட ஒப்பிட்டாங்க. இது குலுக்கல் முறை ஆய்வு. சத்தியம் வாங்கின பக்கம் 19 சதவீதம் பேரு பின்னாடி முயற்சி பண்ணாங்க, திட்டம் எழுதின பக்கம் 5 சதவீதம்.

2021ல ஆறு ஆய்வுகளை, மொத்தம் 3,536 பேரை, சேர்த்துக் கணக்குப் போட்டப்ப தற்கொலை நடத்தை நாப்பது சதவீதத்துக்கு மேல குறைஞ்சிருந்துச்சு. ஆனா தற்கொலை எண்ணம் குறையல. இந்த ஒரு வரியை வீட்டுக்காரங்க நல்லா புரிஞ்சுக்கணும். பிளான் போட்டாச்சு, இன்னும் "சாகணும் போல இருக்கு"ன்னு சொல்றாளே, அப்ப இது ஃபெயிலான்னு கேட்பாங்க. ஃபெயில் இல்ல. எண்ணம் வந்தும் அவ இன்னும் பேசிட்டு இருக்கான்னா பிளான் அதோட வேலையைச் செய்யுதுன்னு அர்த்தம். எண்ணத்தைக் குறைக்கிற சிகிச்சை பக்கத்துலயே ஓடணும், அவ்வளவுதான்.

இதெல்லாம் பணக்கார நாட்டுக் கணக்குன்னு சொல்றவங்களுக்கு, உலக சுகாதார அமைப்பு நடத்தி 2008ல வெளியான ஒரு ஆய்வு இருக்கு. அஞ்சு ஊர்: பிரேசில்ல காம்பினாஸ், இந்தியாவுல சென்னை, இலங்கையில கொழும்பு, ஈரான்ல கராஜ், சீனாவுல யுன்செங். முயற்சி பண்ணிப் பிழைச்ச 1,867 பேரு. பாதிப் பேருக்கு ஒரு மணி நேரப் பேச்சு, அப்புறம் 18 மாசத்துல ஒன்பது தடவை போனோ நேர்லயோ விசாரிப்பு. முடிவுல தற்கொலையால இறந்தவங்க வழக்கமான கவனிப்புல 2.2 சதவீதம், இந்தப் பக்கம் 0.2 சதவீதம். ஆறு படி கொண்ட சேஃப்டி பிளான் இதுல கிடையாது, ஆனா கூட உட்கார்ந்து பேசி, அப்புறம் விடாம விசாரிச்சதே இவ்வளவு பண்ணியிருக்குன்னா, தாளை மட்டும் குடுத்து அனுப்பிட்டு மறந்துடறது பாதி வேலைதான்.

சமூகத்துக்கு சமூகம் எங்க மாறுது

ஆறு தலைப்பும் எல்லா ஊர்லயும் அப்படியே இருக்கலாம். மூணு, நாலு, ஆறு, இந்த மூணு படிக்குள்ள என்ன எழுதுறோம்ங்கறதுதான் மாறணும், ஏன்னா அது மூணும் அந்த ஆள் யார் நடுவுல, எந்த வீட்டுல, எது பக்கத்துல இருக்க வாழுறாருங்கறதைப் பொறுத்தது. முதல் படியும் ரெண்டாவதும் எங்கயும் ஆளைப் பொறுத்ததுதான்.

அமெரிக்காவுல பிரச்சனை துப்பாக்கி. அங்க தற்கொலையால நடக்குற சாவுல பாதிக்கும் மேல துப்பாக்கியால. முன்னாள் ராணுவ வீரர்கிட்ட போய் துப்பாக்கியை ஒப்படைச்சிடுங்கன்னு டாக்டர் சொன்னா அடுத்த தடவை அவர் வரவே மாட்டாரு. அதனால "நிலைமை சரியாகுற வரைக்கும் உங்க ராணுவ நண்பர்கிட்ட வச்சிருக்கச் சொல்லலாமா, லாக் போட்டு சாவியை மனைவிகிட்ட குடுக்கலாமா"ன்னு தற்காலிகமா, அவர் கையிலயே முடிவை விட்டுப் பேசக் கத்துக்கிட்டாங்க. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துல துப்பாக்கிக் கடைக்காரங்களையே கூட்டாளியாக்கி, தவிக்கிற மாதிரி தெரியுற ஆளுக்கு எப்படி விக்காம இருக்கிறதுன்னு சேர்ந்து வழிமுறை எழுதினாங்க. கடைக்காரர் பேச்சை துப்பாக்கி வச்சிருக்கவங்க கேட்பாங்க, அதுதான் காரணம்.

அதே அமெரிக்காவுல அரிசோனா மாநிலத்து வெள்ளை மலை அப்பாச்சி பழங்குடி வேற வழியில போனாங்க. 2001ல அவங்க சொந்த நிர்வாகமே சட்டம் போட்டு, தற்கொலை எண்ணமோ முயற்சியோ சாவோ எது தெரிஞ்சாலும் பதிவு பண்ணணும்னு ஆக்கினாங்க. பதிவானதும் அப்பாச்சி இனத்துக்காரங்களே பயிற்சி எடுத்துக்கிட்டு அந்த வீட்டுக்கு நேர்ல போறாங்க, பேசுறாங்க, பாதுகாப்பா இருக்க என்ன செய்யலாம்னு திட்டம் போடுறாங்க, சிகிச்சைக்குக் கொண்டுபோய் விடுறாங்க. பெரியவங்க பள்ளிக்கூடத்துக்குப் போய் மொழியும் வழக்கமும் சொல்லிக் குடுக்குறாங்க. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் கூட இருந்துச்சு. 2001-2006ஐ விட 2007-2012ல அங்க தற்கொலைச் சாவு விகிதம் 38 சதவீதம் குறைஞ்சுச்சு, அதே காலத்துல நாடு முழுக்க விகிதம் கூடிட்டு இருந்துச்சு. இதுல எந்தப் பங்கு சேஃப்டி பிளானோடது, எந்தப் பங்கு பெரியவங்களோடதுன்னு பிரிக்க முடியாது. ஆனா நாலாவது படியில எழுத ஆளே இல்லாத ஒரு பையனுக்கு, ஒரு சமூகமே ஆள் குடுத்துச்சுங்கறதுதான் இதுல எனக்குப் பெருசா தெரியுது.

நமக்கு நெருக்கமான உதாரணம் தமிழ்நாட்டுல இருக்குற இலங்கை அகதி முகாம்கள், இப்ப மறுவாழ்வு முகாம்னு பேரு. 1983ல இருந்து வந்தவங்க, போர் பார்த்தவங்க, பத்துக்குப் பத்து அறையில தலைமுறை தாண்டி இருக்கவங்க. சென்னையில 1986ல ஆரம்பிச்ச சிநேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பும் அதை நிறுவின மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் சேர்ந்து ரெண்டு முகாமை எடுத்து, ஒண்ணுல மட்டும் முகாம்வாசிகள்லயே தன்னார்வலர்களுக்குப் பயிற்சி குடுத்தாங்க. அவங்க ஆபத்துல இருக்குறவங்களைத் தொடர்ந்து போய்ப் பார்த்து, சேஃப்டி பிளான் கார்டு எழுத வச்சு, விடாம தொடர்புல இருந்தாங்க. 2017ல வெளியான முடிவுப்படி, பயிற்சி நடந்த முகாம்ல தற்கொலை நடத்தை இன்னொரு முகாமை விடக் குறைஞ்சிருந்துச்சு. ரெண்டே முகாம்தான், சின்ன ஆய்வுதான். ஆனாலும் டாக்டர் பட்டம் இல்லாத, அதே வரிசை வீட்டுல இருக்குற ஒருத்தரால இந்த வேலையைச் செய்ய முடியும்னு காட்டினது, மனநல டாக்டர்களை விரல் விட்டு எண்ணுற மாவட்டங்களுக்கு ரொம்ப முக்கியம். ஒரு சிக்கலும் அங்கயே இருக்கு, அவ்வளவு நெருக்கமான இடத்துல ரகசியம் எப்படிக் காக்குறது? பக்கத்து வீட்டு அக்கா தன்னார்வலரா வந்து கார்டு எழுதினா நாளைக்கு குழாயடியில பேச்சாயிடுமோன்னு பயம் வரும். இந்த மாதிரி இடத்துல பயிற்சியில பாதி, கேட்டதை வெளிய சொல்லாம இருக்கிறதைப் பத்தித்தான் இருக்கணும்.

கிராமத்துக்கு வந்தா ஆறாவது படிதான் எல்லாம். தெற்காசியாவுல விவசாய வீடுகள்ல பூச்சிமருந்து கைக்கெட்டுற தூரத்துல இருக்கு. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமங்கள்ல சிநேகா குழு ஊருக்குப் பொதுவா ஒரு கட்டிடம், விவசாயிக்கு ஒரு லாக்கர், மருந்தை அங்க மட்டும் வைக்கிறதுன்னு முயற்சி பண்ணிப் பார்த்துச்சு, ஊர்க்காரங்க ஏத்துக்கிட்டாங்க, 2013ல வெளியான முடிவு நம்பிக்கையா இருந்துச்சு. இலங்கையில அனுராதபுரம் பகுதியில இன்னும் பெருசா, 180 கிராமத்துல, 50,000க்கும் மேல வீடுகள்ல, பாதிக் கிராமத்துக்கு வீட்டுக்கு வீடு பூட்டுப் போட்ட பெட்டி குடுத்துப் பார்த்தாங்க. 2017ல லான்செட் இதழ்ல வந்த முடிவு, வித்தியாசம் எதுவும் இல்ல.

இதைப் படிச்சுட்டு ஆறாவது படி வேஸ்ட்டுன்னு முடிவு கட்டக்கூடாது. அந்தப் பெட்டி வீட்டுக்குள்ளயே இருந்துச்சு, சாவியும் வீட்டுக்குள்ளயே, ஊர்ல எல்லாருக்கும் ஒரே மாதிரி குடுத்தது, ஆபத்துல இருக்குற ஆளோட உட்கார்ந்து பேசிச் செஞ்சது இல்ல. நான் இதுல இருந்து எடுத்துக்கிறது, கிராமத்து வீட்டுல ஆறாவது படி எழுதும்போது "பூட்டி வைப்போம்"ன்னு எழுதிட்டு நிறுத்தக்கூடாது, மருந்து வீட்டை விட்டே வெளிய போகணும், வேற ஆள் பொறுப்புல. இன்னும் பெரிய பாடம், அரசாங்கம் செய்ய வேண்டியதை ஒரு குடும்பம் தனியா செய்ய முடியாது. இலங்கை 1995ல இருந்து அதிக நச்சுள்ள பூச்சிமருந்துகளை ஒவ்வொண்ணா தடை பண்ணிட்டு வந்துச்சு, அந்த நாட்டுத் தற்கொலை விகிதம் இருபது வருஷத்துல 70 சதவீதம் அளவுக்கு இறங்குச்சு, 93,000 உயிர் காப்பாத்தப்பட்டிருக்கும்னு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டிருக்காங்க. விளைச்சலும் அதனால குறையல. சேஃப்டி பிளான் இந்தத் தடைகளுக்கு மாற்று இல்ல, ரெண்டும் வேணும்.

நாலாவது படியில எழுதக்கூடாத ஆளுங்க

இந்தியாவுல 2022ல தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி தற்கொலையால இறந்தவங்க 1,70,924 பேரு, அதுல தமிழ்நாட்டுல மட்டும் 19,834. இல்லத்தரசிகள் 25,000க்கும் மேல. காரணங்கள்ல முதல்ல நிக்கிறது குடும்பப் பிரச்சனை. இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. வழக்கமா நாம சொல்றது "குடும்பத்தோட பேசுங்க, குடும்பம்தான் பலம்". அந்தக் குடும்பமே முதல் படியில எச்சரிக்கை அறிகுறியா வர்றப்ப, நாலாவது படியில அதையே உதவின்னு எழுத முடியுமா?

கல்யாணமாகி மாமியார் வீட்டுல இருக்குற பொண்ணு, தனி போன் கிடையாது, இருக்குற போனையும் புருஷன் தினமும் எடுத்துப் பார்ப்பாரு. அவளுக்கு கார்டு எழுதி கையில குடுத்தா அது பீரோவுல கிடைச்சு அன்னைக்கே அடி விழும். இந்த மாதிரி நேரத்துல தாளே வேணாம், ஆறு படியையும் வாய்விட்டுச் சொல்லி மனப்பாடம் பண்ண வைக்கலாம், இல்ல சமையல் குறிப்பு எழுதுற நோட்டுல அவளுக்கு மட்டும் புரியுற மாதிரி நாலு வார்த்தை. ஆளுங்கன்னு பார்த்தா சுயஉதவிக் குழுவுல பக்கத்துல உட்காருற அக்கா, அங்கன்வாடி டீச்சர், கிராம சுகாதார நர்ஸ். அவங்களைப் போய்ப் பார்க்க வெளிய சொல்ல ஒரு காரணம் தயாரா இருக்கு, யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. வன்முறை நடக்குற வீடுன்னா பெண்கள் உதவி எண் 181ம் அஞ்சாவது படியில வரணும்.

தன்பால் ஈர்ப்பு உள்ளவங்க, திருநங்கைகள், திருநம்பிகள் விஷயத்துலயும் இதேதான், இன்னும் கூர்மையா. "அப்பா அம்மாகிட்ட சொல்லு"ன்னு எழுதி வச்சா அது சில வீட்டுல அடைச்சு வைக்கிறதுலயோ "சரி பண்றேன்"னு சொல்ற போலி வைத்தியத்துலயோ முடியும். அந்த மாதிரி மாத்துற சிகிச்சை கூடாதுன்னு சென்னை உயர் நீதிமன்றம் 2021ல சொல்லிடுச்சு, 2025ல அதே நீதிமன்றம், தானா தேர்ந்தெடுத்துக்கிட்ட குடும்பமும் குடும்பம்தான்னு ஏத்துக்கிச்சு. பிளான் எழுதுறவங்க இதை வெறும் சட்டச் செய்தியா பார்க்காம, நாலாவது கட்டத்துல "அம்மா"ன்னு எழுதுறதுக்கு முன்னாடி "வீட்டுல உங்களைப் பத்தி யாருக்குத் தெரியும்? தெரிஞ்சா என்ன ஆகும்?"னு கேட்கப் பழகணும்.

ஆட்டிசம் உள்ள பெரியவங்களுக்காக இங்கிலாந்துல ஆய்வாளர்கள் ஆட்டிசம் உள்ளவங்களோடயே சேர்ந்து தனி வடிவம் பண்ணியிருக்காங்க. "எப்படி ஃபீல் பண்றீங்க"ங்கற கேள்விக்குப் பதில் சொல்றதே கஷ்டமா இருக்குறவங்களுக்குப் படம், தெளிவான வார்த்தை, கூடுதல் நேரம் குடுக்குறாங்க. கூட்டமான இடம் நிம்மதி தரும்ங்கற மூணாவது படி அவங்களுக்குத் தலைகீழா இருக்கலாம், சத்தமில்லாத இருட்டு அறைதான் நிம்மதியா இருக்கும்.

போலீஸ் கேஸ் ஆகுமா

இந்தப் பயத்துலதான் நிறைய பேருக்கு பிளானே கிடைக்காம போகுது. காஷுவாலிட்டியில "சாப்பாடு ஒத்துக்கல"ன்னோ "தெரியாம குடிச்சிட்டா"ன்னோ சொல்லிடறாங்க, டாக்டர் உடம்பை மட்டும் பார்த்து அனுப்பிடறாரு, ஆள் அதே வீட்டுக்கு அதே நிலைமையில திரும்புறாரு.

சட்டம் இப்ப எப்படி இருக்குன்னா:

1. 2018 மே மாசம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தோட 115வது பிரிவு, முயற்சி பண்ணவர் கடுமையான மன அழுத்தத்துல இருந்தார்னு எடுத்துக்கணும், தண்டிக்கக்கூடாது, அரசாங்கம் சிகிச்சை குடுக்கணும்னு சொல்லுது.
2. 2024 ஜூலை 1ல இருந்து வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுல, தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கின பழைய 309வது பிரிவு இல்ல. அரசு ஊழியரோட வேலையைத் தடுக்கவோ மிரட்டவோ முயற்சி பண்ணினா மட்டும் தனியா ஒரு பிரிவு இருக்கு.
3. ஆஸ்பத்திரியில போலீசுக்குத் தகவல் போறது, ஏ.ஆர். என்ட்ரி (விபத்துப் பதிவேட்டுல எழுதுறது) போடுறது இன்னும் நடக்கும். போலீஸ்காரர் வந்து விசாரிச்சாலே கேஸ்னு அர்த்தம் இல்ல. உண்மையைச் சொல்லுங்க.

இலங்கை 1998லயே இதைக் குற்றப் பட்டியல்ல இருந்து எடுத்துடுச்சு, சிங்கப்பூர் 2020ல, மலேசியா 2023ல.

வீட்டுல இருக்குறவங்க செய்யக்கூடியது

நேரா கேளுங்க. "சாகணும்னு தோணுதா?"ன்னு கேட்டா இல்லாத எண்ணத்தைக் கிளப்பி விட்டுடுவோமோன்னு பயப்படுறாங்க, ஆய்வுகள் அப்படிக் காட்டல, கேட்டதும் பலருக்கு பாரம் குறையுது. "பைத்தியமா உனக்கு, புள்ளைங்களை நினைச்சுப் பார்த்தியா"ன்னு ஆரம்பிக்காதீங்க, அவங்க புள்ளைங்களை நினைச்சுத்தான் அவ்வளவு நாள் தாக்குப் பிடிச்சிருப்பாங்க.

பிளானை அவங்க எழுதட்டும். நீங்க எழுதி நீட்டினா அது உங்க பிளான். ஆறாவது படி மட்டும் உங்க வேலை, அதை அன்னைக்கே முடிங்க. மேல சொன்ன மாதிரி பிளான் போட்ட முதல் மூணு நாளுக்குள்ள ஒரு தடவை, அப்புறம் வாரா வாரம், "அந்தத் தாள்ல எது உதவுச்சு, எது உதவல"ன்னு கேட்டு மாத்துங்க. வேலை போச்சு, ஊர் மாறினாங்க, நாலாவது படியில இருந்தவங்களோட சண்டைன்னா உடனே திருத்தணும். ஆபத்து உடனடியா தெரிஞ்சா தனியா விடாதீங்க, தாளைத் தேடிட்டு இருக்காம நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, 108 கூப்பிடுங்க.

அஞ்சாவது படிக்கு நம்பர்கள்

இந்தியா: டெலி மானஸ் 14416. தமிழ்நாடு: 104, சிநேகா 044-24640050. இலங்கை: தேசிய மனநல நிறுவனம் 1926. சிங்கப்பூர்: 1767. மலேசியா: பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-76272929. அமெரிக்கா, கனடா: 988. பிரிட்டன்: 116 123.

தாள்ல எழுதுறதுக்கு முன்னாடி அந்த நம்பரை ஒரு தடவை பக்கத்துல உட்கார்ந்தே போட்டுப் பாருங்க. எடுத்ததும் என்ன கேட்பாங்க, தமிழுக்கு எதை அழுத்தணும், எவ்வளவு நேரம் காத்திருக்கணும்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா, ராத்திரி ரெண்டு மணிக்குத் தனியா போன் எடுக்குறப்ப முதல் ரிங்குலயே கட் பண்ணிட மாட்டாங்க.